மலிவு விலை நெடுந்தூர ரைபிள்: ஒரு வரலாறு

நெடுந்தூர ரைபிள் என்பது 500 மீட்டருக்கும் அப்பால் உள்ள இலக்கை, ஒவ்வொரு தோட்டாவாகக் குறிபார்த்துச் சுடுவதற்கான துப்பாக்கி. இலக்குச் சுடும் போட்டிகளில் 1000 கஜம் (914 மீட்டர்) வரையிலும், சில போட்டிகளில் அதற்கு மேலும் இது பயன்படுகிறது. இவ்வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை போல்ட் முறையில் இயங்குபவை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை துல்லியமான ரைபிள் என்பது தேர்ந்த கைவினைஞர் நாள் கணக்கில் இழைத்துச் செய்யும் பொருளாகவே கருதப்பட்டது. இன்று சாதாரணக் கடையில் கிடைக்கும் குறைந்த விலை ரைபிள் அக்காலத்து உயர்விலை ரைபிள்களுக்கு ஈடாகச் சுடுகிறது. அந்த மாற்றம் பெரும்பாலும் அமெரிக்காவில், 1948 முதல் 2015 வரையிலான காலத்தில் நடந்தது. துப்பாக்கியின் எந்தப் பகுதியில் செலவைக் குறைக்கலாம், எந்தப் பகுதியில் குறைக்கக்கூடாது என்பதை நிறுவனங்கள் சில வெற்றிகள் வழியாகவும் சில கடுமையான தோல்விகள் வழியாகவும் கற்றுக்கொண்டன. குறைந்த பணத்தில் முதல் ரைபிளைத் தேர்ந்தெடுப்பவர் முன்னால் இருக்கும் கேள்வியும் அதுவே.

போல்ட் முறை

போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற உருளை. கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதிய தோட்டா குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் நுழையும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் போல்ட்டின் காதுகள் துப்பாக்கி உடலின் பள்ளங்களில் பூட்டிக்கொள்ளும். என்.சி.சி. முகாம்களில் .22 ரைபிள் சுட்டவர்களுக்கும், காவல்துறையின் பழைய 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கும் இந்தக் கைப்பிடி அறிமுகமானது.

பிரஷ்யாவைச் சேர்ந்த யோஹான் நிக்கோலாஸ் ஃபான் டிரைசே உருவாக்கிய ஊசித் துப்பாக்கியை அந்நாட்டு ராணுவம் 1841இல் ஏற்றது. போல்ட் முறையில் அமைந்து ஒரு பெரும் ராணுவத்தின் பொதுத் துப்பாக்கியான முதல் ரைபிள் அதுவே. 1884இல் பிரான்ஸின் பால் வியேய் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். குண்டின் வேகம் கூடியது, தூரம் கூடியது. கூடவே தோட்டா அறையின் அழுத்தமும் கூடியது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் பூட்டை பால் மவுசர் படிப்படியாக வடிவமைத்தார். ஜெர்மன் ராணுவம் 1898இல் ஏற்ற மவுசர் 98 ரைபிளில் முன்பக்கம் இரண்டு பெரிய காதுகள், பாதுகாப்புக்காகப் பின்னால் மூன்றாவது காது, தோட்டாவின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் நீண்ட நகம் ஆகியவை இருந்தன. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைபிள் இந்த வடிவத்தைத் தழுவியது. அதற்காக அமெரிக்க அரசு மவுசர் நிறுவனத்துக்கு 2 லட்சம் டாலர் உரிமத்தொகை கொடுக்க நேர்ந்தது.

தானியங்கித் துப்பாக்கிகள் வந்த பிறகும் துல்லியத்துக்கு போல்ட் முறையே நிலைத்ததற்கு எளிய காரணம் உண்டு. குண்டு குழலை விட்டு வெளியேறும் வரை போல்ட்டும் குழலும் ஒரே இரும்பைப்போல இறுகி நிற்கின்றன. சுடும் நேரத்தில் தோட்டாக்கூட்டை வெளியேற்றும் உறுப்பு எதுவும் நகர்வதில்லை. உறுப்புகள் குறைவு என்பதால் செய்வதும் எளிது. மலிவான துல்லியம் பிறந்தது இந்த எளிமையிலிருந்துதான்.

நெடுந்தூரப் போட்டிகள்

நெடுந்தூரச் சுடுதல் பொதுமக்களின் விளையாட்டாக உருப்பெற்றது பிரிட்டனில். 1860 ஜூலையில் விம்பிள்டன் திடலில் நடந்த முதல் போட்டியை விக்டோரியா அரசி, தாங்கியில் பொருத்தப்பட்ட விட்வொர்த் ரைபிளைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். 1890இல் இப்போட்டிகள் பிஸ்லி திடலுக்கு மாறின.

அமெரிக்காவில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கிரீட்மூர் திடல் 1873இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அங்கே அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கஜ தூரங்களில் மோதின. ஐரிஷ் வீரர்கள் குழல் வாய்வழியாக மருந்து இடிக்கும் பழைய வகைத் துப்பாக்கிகளையும், அமெரிக்கர்கள் பின்பக்கம் தோட்டா இடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளையும் பயன்படுத்தினர். 934க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. ஐரிஷ் வீரர் ஒருவர் தவறுதலாக அடுத்தவரின் இலக்கைச் சுட்டது முடிவைத் தீர்மானித்தது. இத்திடல் பின்னர் மூடப்பட்டு, அவ்விடத்தில் மனநல மருத்துவமனை எழுந்தது. கிரீட்மூர் என்ற பெயர் 130 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தோட்டாவின் பெயராகத் திரும்பி வந்தது.

இக்காலத்து வீரர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். நல்ல போட்டித் துப்பாக்கி ஒரு தொழிலாளியின் கைக்கு எட்டாத பொருளாக இருந்தது.

உபரித் துப்பாக்கிகளின் காலம்

சாமானியருக்குக் கிடைத்த முதல் மலிவு ரைபிள் ராணுவத்தின் கழிவு. 1903இல் அமெரிக்க அரசு ரைபிள் பயிற்சியை ஊக்குவிக்கத் தேசிய வாரியம் ஒன்றை அமைத்தது. தொடர்ந்து, உபரி ராணுவத் துப்பாக்கிகள் சங்கங்களுக்கும் பின்னர் தனி உறுப்பினர்களுக்கும் குறைந்த விலையில் விற்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஐரோப்பாவின் கிடங்குகளிலிருந்து லட்சக்கணக்கான மவுசர், லீ-என்ஃபீல்ட், கார்க்கானோ ரைபிள்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால் துப்பாக்கி தபாலில் வந்து சேரும். வாங்கியவர்கள் கட்டையைச் செதுக்கி, குழலை மாற்றி, தொலைநோக்கி பொருத்தி, அதை வேட்டைக்கும் போட்டிக்கும் ஏற்றதாக மாற்றிக்கொண்டனர். பல சிறு பட்டறைகள் இவ்வேலையால் வாழ்ந்தன.

1963 மார்ச் மாதம் சிகாகோவின் கடை ஒன்றிலிருந்து தபால் வழியாக, தொலைநோக்கியுடன் 19.95 டாலருக்கு ஓர் இத்தாலியக் கார்க்கானோ ரைபிள் விற்கப்பட்டது. தபால் செலவு 1.50 டாலர். பொய்ப்பெயரில் அதை வாங்கியவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அவ்வாண்டு நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அதிபர் ஜான் எஃப். கென்னடி அந்தத் துப்பாக்கியால் கொல்லப்பட்டார் என்று வாரன் ஆணையம் முடிவு செய்தது. யாரென்று விசாரிக்காமல் துப்பாக்கியைத் தபாலில் அனுப்பும் முறை பொதுவிவாதமாயிற்று. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அவ்வாண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. தனியாருக்குத் தபாலில் துப்பாக்கி விற்பதும், ராணுவ உபரித் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதும் தடை செய்யப்பட்டன. பழம்பொருள் மதிப்புள்ள துப்பாக்கிகளுக்கான இறக்குமதித் தடை 1980களில் தளர்த்தப்பட்டது.

கைவேலையின் விலை: வின்செஸ்டர் 70

புதிய துப்பாக்கி வாங்க முடிந்தவர்கள் விரும்பியது 1936இல் அறிமுகமான வின்செஸ்டர் 70. மவுசரின் நீண்ட நகத்தைக் கொண்ட இந்த ரைபிளின் உடல் இரும்புக் கட்டியிலிருந்து பல கட்டங்களில் கடைந்து எடுக்கப்பட்டது. மரக்கட்டையின் பிடிப்பகுதியில் கட்டக்கோடுகளைக் கையால் செதுக்கினர். வியட்நாம் போரின் தொடக்கத்தில் அமெரிக்க மெரைன் படையின் குறிசுடுநர்கள், போட்டிகளுக்காக வைத்திருந்த வின்செஸ்டர் 70 ரைபிள்களையே போர்க்களத்துக்குக் கொண்டு சென்றனர்.

போருக்குப் பின் கூலி உயர்ந்தது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் செலவிடும் மனித உழைப்பு நிறுவனத்துக்குச் சுமையானது. 1964இல் வின்செஸ்டர் வடிவத்தை மாற்றியது. நீண்ட நகம் நீக்கப்பட்டது. கையால் செதுக்கிய கோடுகளுக்குப் பதிலாக அச்சில் அழுத்திய கோடுகள் வந்தன. பல உறுப்புகள் மலிவான முறைகளில் செய்யப்பட்டன. வாங்குபவர்கள் இதை ஏற்கவில்லை. '64க்கு முந்தையது' என்ற சொல்லே பழைய துப்பாக்கிச் சந்தையில் ஒரு தரக்குறியீடாக மாறி, அவற்றின் விலை ஏறியது. நிறுவனம் நீண்ட நகத்தை 1990களில் மீண்டும் கொண்டுவந்தது. ஆனால் நியூ ஹேவன் நகரிலிருந்த தொழிற்சாலை 2006இல் மூடப்பட்டது.

வின்செஸ்டரின் புதிய ரைபிள் மோசமாகச் சுட்டது என்பதைவிட, செலவுக் குறைப்பு கண்ணுக்கும் கைக்கும் தெரிந்தது என்பதே தோல்விக்குப் பெரிய காரணம். அது இருந்த ரைபிளின் வடிவத்தை மாற்றி வேலையைச் சுருக்கியது. மற்ற இரு நிறுவனங்கள் மலிவாகச் செய்வதற்கென்றே புதிய வடிவத்தை யோசித்தன.

உருளை உடல்: ரெமிங்டன் 700

ரெமிங்டன் நிறுவனத்தின் பொறியாளர் மைக் வாக்கர் போட்டிச் சுடுநரும்கூட. அவரும் உடன்பணியாளர்களும் 1948இல் கொண்டுவந்த ரெமிங்டன் 721, 722 ரைபிள்களில் துப்பாக்கி உடல் உருண்டைக் கம்பியிலிருந்து கடைசல் இயந்திரத்தில் செய்யப்பட்டது. பின்னுதைப்பைத் தாங்கும் பட்டையை உடலோடு சேர்த்துக் கடையாமல், குழலுக்கும் உடலுக்கும் இடையில் நெரித்து வைக்கும் தனித் தகடாகச் செய்தனர்.

செலவைக் குறைக்கச் செய்த இந்த மாற்றம் துல்லியத்துக்கும் உதவியது. உருளை வடிவம் எல்லாப் பக்கமும் சமமாக விறைப்புக் கொண்டது. அதைக் கட்டையில் சீராகப் பதிப்பதும் எளிது. இந்த வடிவத்தின் மெருகேறிய தொடர்ச்சியாக 1962இல் ரெமிங்டன் 700 வந்தது. 1966இல் மெரைன் படை அதைத் தழுவிய எம்40 ரைபிளை ஏற்றது. 1988இல் தரைப்படை எம்24 ரைபிளை ஏற்றது. இன்றும் தனிப்பட்டறைகள் செய்யும் உயர்விலைப் போட்டி ரைபிள்களில் பல, ரெமிங்டன் 700இன் அளவுகளையே பின்பற்றுகின்றன. ஆனால் அந்த ரைபிளின் விசைக்கு வேறொரு வரலாறு உண்டு. அது பின்னர் வருகிறது.

மறையில் அடங்கிய துல்லியம்: சாவேஜ் 110

ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் 1894இல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில் சாவேஜ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1958இல் அந்நிறுவனத்தின் நிக்கோலாஸ் புரூவர் வடிவமைத்த சாவேஜ் 110 வெளியாயிற்று. தொடக்க விலை 109.95 டாலர். ரைபிளின் பெயரும் அந்த விலையிலிருந்தே வந்தது என்று சொல்லப்படுகிறது. 1959இல் இடக்கைக்காரர்களுக்கான வடிவமும் வந்தது.

புரூவரின் வடிவத்தைப் புரிந்துகொள்ள ஹெட்ஸ்பேஸ் என்ற அளவை அறிய வேண்டும். போல்ட்டைப் பூட்டியபின் அதன் முகப்புக்கும், தோட்டா அறைக்குள் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம் அது. அதிகமானால் தோட்டாக்கூடு கிழிந்து ஆபத்தாகலாம். குறைந்தால் போல்ட் மூடாது. வழக்கமான துப்பாக்கிகளில் குழலின் தோள்பகுதியை நூலளவு நூலளவாகக் கடைந்து பொருத்தி இந்த அளவைக் கொண்டுவருவார்கள். தேர்ந்த கைவினைஞரின் கூலி பெருமளவு செலவாகும் இடம் இது.

புரூவர் குழலுக்குத் தோளே வைக்கவில்லை. குழலின் மரையில் ஒரு பெரிய மறையைப் போட்டார். தோட்டா வடிவிலான அளவுகட்டையை அறைக்குள் வைத்து, போல்ட்டை மூடி, குழல் அதில் முட்டும் வரை கையால் திருக வேண்டும். பிறகு மறையை முடுக்கினால் வேலை முடிந்தது. நாள்பட்ட அனுபவம் தேவைப்பட்ட வேலையைச் சற்றுப் பழகிய தொழிலாளி சில நிமிடங்களில் செய்ய முடிந்தது. அளவும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறாமல் அமைந்தது.

இரண்டாவது புதுமை தனியாகச் செய்யப்பட்ட போல்ட் தலை. ஓர் ஊசியால் போல்ட் உடலோடு இணைக்கப்பட்ட இத்தலை சற்றே அசையும். பூட்டும்போது இரண்டு காதுகளும் தாமாகவே சமமாக அமர்ந்துகொள்ளும். மற்ற துப்பாக்கிகளில் இந்தச் சமத்தைப் பெறக் காதுகளைப் பொடி தடவித் தேய்த்துப் பொருத்த வேண்டியிருந்தது.

இரண்டுமே செலவைக் குறைக்கும் ஏற்பாடுகள். குழலின் மறை வெளியே தெரிவதால் பலர் இதை அழகற்ற துப்பாக்கி என்றனர். ஆனால் இலக்குத் தாளில் அதன் குண்டுகள் நெருங்கி விழுந்தன. மற்றொரு பயன் பின்னால் தெரியவந்தது. மறை இருப்பதால் உரிமையாளரே அளவுகட்டையை வைத்துக் குழலை மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்த குழலுக்காகப் புதுத் துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை.

வீழ்ச்சியும் மீட்சியும்

நல்ல வடிவம் இருந்தும் சாவேஜ் நிறுவனம் 1988இல் திவால் பாதுகாப்பு கோரியது. பல வகைத் துப்பாக்கிகளை ஒரே நேரத்தில் செய்து எதிலும் லாபமில்லாத நிலை. அவ்வாண்டு பொறுப்பேற்ற ரான் கோபர்ன் 110 வரிசையைத் தவிர மற்றவற்றை நிறுத்தினார். புதிய வடிவமைப்புக்குப் பணம் இல்லை. இருந்த ஒன்றை ஒழுங்காகச் செய்வது மட்டுமே சாத்தியம். அந்த ஒரு ரைபிளை வைத்து நிறுவனம் எழுந்தது. 1995இல் கோபர்ன் தலைமையிலான குழு நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. 2013இல் ஏ.டி.கே. நிறுவனம் சாவேஜின் தாய் நிறுவனத்தை 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எளியவர்களின் இரண்டாம் தரத் துப்பாக்கியாகக் கருதப்பட்டதை நம்பி நடந்த வணிகம் இது.

விசை: குறைக்கக்கூடாத செலவு

ரெமிங்டன் 700இல் நீண்டகாலம் இருந்தது மைக் வாக்கர் வடிவமைத்த விசை. மிக மென்மையாக இயங்கியதால் புகழ்பெற்றது. விசைக்கும் அது தாங்கிநிற்கும் உறுப்புக்கும் இடையில் இணைப்பான் என்ற சிறு தனித்துண்டு அதில் இருந்தது. அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ சேர்ந்து இத்துண்டு தன் இடத்துக்கு முழுமையாகத் திரும்பாமல் போனால், விசையைத் தொடாமலே, பாதுகாப்புப் பொத்தானை விடுவித்ததும் துப்பாக்கி வெடிக்கலாம் என்பது குற்றச்சாட்டு.

உற்பத்தி தொடங்கிய 1940களின் இறுதியிலேயே வாக்கர் இந்தச் சாத்தியத்தை நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, மாற்று வடிவத்தையும் முன்வைத்தார் என்பது வழக்குகளில் வெளிவந்த ஆவணங்களால் தெரியவந்தது. மாற்றத்துக்கு ஆகும் செலவு ஒரு துப்பாக்கிக்கு ஐந்தரை செண்ட் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. மாற்றம் செய்யப்படவில்லை. பின்வந்த பத்தாண்டுகளில் காயங்களும் மரணங்களும் நேர்ந்ததாகப் பல வழக்குகள் தொடுக்கப்பட்டன. துப்பாக்கி பாதுகாப்பானது என்றும், விபத்துகளுக்குக் கவனக்குறைவே காரணம் என்றும் நிறுவனம் தொடர்ந்து வாதிட்டது. 2006இல் இணைப்பான் இல்லாத புதிய விசை வந்தது. அதிலும் உற்பத்திக் குறை தெரிந்து 2014இல் துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டன. இறுதியில் ஏறத்தாழ 75 லட்சம் துப்பாக்கிகளை உள்ளடக்கிய சமரசத் தீர்வு 2018இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்கள் கட்டணமின்றி விசையை மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் ஏற்கப்பட்டது.

வழக்குகளுக்கு அஞ்சிய மற்ற நிறுவனங்கள் வேறு வழியில் போயின. விசையை மிகக் கடினமாக்கிவிட்டன. கடின விசையை இழுக்கும்போது துப்பாக்கி அசையும். துல்லியம் கெடும். 2000களின் தொடக்கத்தில் சாவேஜ் கொண்டுவந்த அக்யூட்ரிகர் இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக அமைந்தது. விசையின் நடுவில் மெல்லிய தகடு ஒன்று துருத்தி நிற்கும். விரல் அத்தகட்டை முழுதாக அழுத்தினால் மட்டுமே துப்பாக்கி வெடிக்கும். துப்பாக்கி கீழே விழுந்து அதிர்ந்தாலும் தகடு தடுத்துவிடும். இந்தப் பாதுகாப்பு இருப்பதால் விசையை மென்மையாக வைக்க முடிந்தது. உரிமையாளரே அதைச் சரிசெய்துகொள்ளவும் முடிந்தது. விரைவில் பல நிறுவனங்கள் இதையொத்த விசைகளைக் கொண்டுவந்தன.

பின்லாந்தும் ருகரும்

பின்லாந்தின் சாக்கோ நிறுவனம் 2003இல் டிக்கா டி3 ரைபிளை அறிமுகம் செய்தது. சிறிய தோட்டாவானாலும் நீளமான தோட்டாவானாலும் துப்பாக்கி உடல் ஒரே நீளம்தான். போல்ட்டின் நகர்வை மட்டும் ஒரு சிறு தடுப்பால் மாற்றினர். தோட்டாப்பெட்டியும் கட்டையும் பிளாஸ்டிக். ஆனால் குழல், சாக்கோவின் உயர்விலை ரைபிள்களுக்குக் குழல் செய்யும் அதே தொழிற்சாலையிலிருந்து வந்தது. எதை மலிவாக்கலாம், எதை மலிவாக்கக்கூடாது என்ற பிரிவினை இதில் தெளிவாகத் தெரிகிறது.

2012இல் அமெரிக்காவின் ருகர் நிறுவனம் 449 டாலர் பட்டியல் விலையில் ருகர் அமெரிக்கன் ரைபிளைக் கொண்டுவந்தது. சாவேஜ் போலவே குழல் மறை, நடுவில் தகடு வைத்த விசை, பிளாஸ்டிக் கட்டைக்குள் உடலைத் தாங்கும் இரும்புப் பதிப்புகள் ஆகியவை இதில் இருந்தன. 2015இல் 1,399 டாலர் பட்டியல் விலையில் ருகர் பிரிசிஷன் ரைபிள் வந்தது. சுடுநரின் உடலுக்கேற்ப நீட்டிச் சுருக்கும் கட்டையும் தடித்த குழலும் கொண்ட இவ்வகை ரைபிளை அதற்கு முன் தனிப்பட்டறையில் சொல்லித்தான் செய்யவேண்டும். செலவு பல மடங்கு ஆகும். நெடுந்தூரப் போட்டிகளுக்குப் புதியவர்கள் வரத் தொடங்கியதற்கு இந்த ரைபிள் ஒரு முக்கியக் காரணம். போட்டி அமைப்புகளும் தொழிற்சாலைத் துப்பாக்கிகளுக்கென விலை வரம்புள்ள தனிப்பிரிவுகளை ஏற்படுத்தின.

6.5 கிரீட்மூர்

துப்பாக்கி மலிவானபோதும் தோட்டா ஒரு தடையாக இருந்தது. 1952இல் வந்த .308 வின்செஸ்டர் தோட்டா எங்கும் கிடைக்கும். ஆனால் 1000 கஜத்தை எட்டும்போது அதன் குண்டு வேகம் இழந்து காற்றுக்கு அலையும். அதைவிடச் சிறந்த போட்டித் தோட்டாக்களை வீரர்கள் தாமே மருந்து அளந்து நிரப்பிச் செய்துகொண்டனர். அதற்குக் கருவிகளும் நேரமும் வேண்டும்.

ஹோர்னடி நிறுவனத்தின் டேவ் எமரியும் போட்டி வீரர் டென்னிஸ் டெமில்லும் சேர்ந்து உருவாக்கிய 6.5 கிரீட்மூர் தோட்டா 2007இல் அறிவிக்கப்பட்டது. காற்றைக் கிழித்துச் செல்லும் நீண்ட மெல்லிய குண்டு, மிதமான மருந்து, குறைந்த பின்னுதைப்பு என்பவை அதன் இயல்புகள். போட்டித் தரத்திலான தோட்டா கடையில் பெட்டியாகக் கிடைக்க வேண்டும் என்பது வடிவமைப்பின் நோக்கம். குறைந்த விலை ரைபிள்களில் பல பின்னர் இத்தோட்டாவுக்கு ஏற்ப வெளிவந்தன.

இஷாப்பூர் ரைபிள்

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஒரு சிறு இடம் உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, பழைய லீ-என்ஃபீல்ட் வடிவத்தைத் தரமான எஃகில் வலுப்படுத்தி, 7.62 நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ப 2ஏ என்ற ரைபிளைச் செய்தது. 2,000 மீட்டர் வரை குறிக்கப்பட்டிருந்த அதன் குறிபார்வைத் தகடு, அடுத்து வந்த 2ஏ1 வடிவத்தில் 800 மீட்டராகக் குறைக்கப்பட்டது. இவை பின்னர் உபரியாக விற்கப்பட்டு அமெரிக்காவுக்குச் சென்று, எளிய வருமானமுள்ளவர்களின் முதல் ரைபிள்களாயின.

இந்தியாவில் நிலை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. .303 தடைசெய்யப்பட்ட வகையில் வருவதால் உரிமம் பெற்ற பொதுமக்களுக்காக இஷாப்பூரில் .315 ரைபிள் செய்யப்பட்டது. அதன் அடிப்படையும் லீ-என்ஃபீல்ட் போல்ட்தான். இங்கு இலக்குச் சுடுதல் பெரும்பாலும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியிலும் 50 மீட்டர் .22 ரைபிளிலும் சங்கங்கள் வழியாக நடக்கிறது.

முதல் ரைபிளைத் தேர்ந்தெடுத்தல்

சட்டம் அனுமதிக்கும் நாட்டில், குறைந்த பணத்தில் முதல் நெடுந்தூர ரைபிளைத் தேடுபவருக்கு இந்த வரலாறு சில தெளிவுகளைத் தருகிறது.

துல்லியத்தைக் கோண நிமிடத்தில் அளப்பர். ஒரு கோண நிமிடம் 100 மீட்டரில் 2.9 செ.மீ., 1000 மீட்டரில் 29 செ.மீ. இன்றைய குறைந்த விலை ரைபிள்களில் பல, தகுந்த தோட்டாவோடு இந்த அளவுக்குள் சுடுகின்றன. புதிதாகப் பழகுபவரின் பிழை இதைவிடப் பெரியது. எனவே ரைபிளுக்குக் கூடுதலாகச் செலவிடுவதால் அவர் இலக்கில் பெரிய மாற்றம் நிகழாது.

தொலைநோக்கி அப்படியல்ல. 6.5 கிரீட்மூர் குண்டு 100 கஜத்துக்குச் சரிசெய்த குறிக்கு, 1000 கஜத்தில் ஏறத்தாழ 8 மீட்டர் கீழே விழும். அந்த வீழ்ச்சியைத் தொலைநோக்கியின் திருகுகளால்தான் ஈடுசெய்ய வேண்டும. பத்து முறை திருகிப் பத்து முறை பழைய இடத்துக்குத் திரும்பினாலும் குறி மாறாமல் இருக்க வேண்டும். ரைபிளோடு சேர்த்துத் தொகுப்பாக விற்கப்படும் மலிவுத் தொலைநோக்கிகளில் பல இந்தச் சோதனையில் தோற்கின்றன. ரைபிளுக்குச் செலவிடும் அளவுக்குத் தொலைநோக்கிக்கும் அதன் தாங்கிகளுக்கும் ஒதுக்குவது நெடுந்தூரச் சுடுநர்களிடையே உள்ள வழக்கம்.

மூன்றாவது, எளிதில் கிடைக்கும் தோட்டா. மிக வேகமான பெருந்தோட்டாக்கள் விலை கூடியவை. தோளை உதைப்பவை. குழலை விரைவில் தேய்ப்பவை. மீதமுள்ள பணம் பயிற்சிக்கான தோட்டாக்களுக்குச் செல்ல வேண்டும். காற்றைக் கணிக்கப் பழகுவதற்கு .22 ரைபிள் மலிவான வழி. அதன் மெதுவான குண்டு 200 மீட்டரிலேயே காற்றுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும்.

பழைய துப்பாக்கி வாங்கினால் விசையையும் ஹெட்ஸ்பேஸையும் தகுதியுள்ளவரிடம் சோதித்த பிறகே சுட வேண்டும். திரும்பப் பெறும் அறிவிப்பில் அந்த ரைபிள் இருந்ததா என்று வரிசை எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும்.

மதிப்பீடு

மலிவு ரைபிளின் வரலாற்றில் வெற்றி பெற்றவர்கள் தரத்தைக் குறைத்து விலையைக் குறைத்தவர்கள் அல்லர். கைத்திறன் தேவைப்பட்ட இடங்களைக் கண்டறிந்து, அந்தத் திறனை வடிவத்துக்குள்ளேயே வைத்தவர்கள். சாவேஜின் மறையும் அசையும் போல்ட் தலையும் அதற்குச் சான்றுகள். வின்செஸ்டர் 1964இல் கண்ணுக்குத் தெரியும்படி செலவைக் குறைத்தது, வாங்குபவரின் நம்பிக்கையை இழந்தது. ரெமிங்டன் துப்பாக்கி உடலில் செய்த சிக்கனம் துல்லியத்தைத் தந்தது. விசையில் மறுத்த ஐந்தரை செண்ட் பல ஆண்டு வழக்காயிற்று.

ரைபிள் எவ்வளவு மலிவானாலும் அது உயிரைப் பறிக்கக்கூடிய கருவி. யார் வாங்கலாம் என்ற கேள்வியை டல்லாஸ் எழுப்பியது. எப்படிச் செய்யப்பட வேண்டும் என்ற கேள்வியை ரெமிங்டன் வழக்குகள் எழுப்பின. துல்லியம் சாமானியருக்கு எட்டியது இந்த வரலாற்றின் சாதனை. அந்த இரண்டு கேள்விகளும் அச்சாதனையோடு சேர்ந்தே நிற்கின்றன.